டும்சோர்: இருட்டைக் கணக்கெடுக்க யார் காசு கொடுத்தது?

இந்த எபிசோடு கானாவைப் பத்தி. மேற்கு ஆப்பிரிக்காவில் கடலோரமாக இருக்கிற நாடு. அங்கே மின்வெட்டுக்குன்னே தனியாக ஒரு சொல் இருக்கு: டும்சோர். அக்கான் மொழியில் 'டும்' என்றால் அணைப்பது, 'சோர்' என்றால் ஏற்றுவது. கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். அவ்வளவுதான் அர்த்தம். டீக்கடையிலிருந்து பார்லிமென்ட் வரைக்கும் எல்லாரும் புழங்குற சொல்.

நான் இன்னைக்குக் கேட்கப்போற கேள்வி முதல்ல கொஞ்சம் வறட்சியாகத் தெரியலாம். ஒரு வீட்டுக்குக் கரண்ட் எத்தனை மணி நேரம் வந்தது, எத்தனை மணி நேரம் வரவில்லை என்று அளந்து பார்க்க யார் காசு கொடுத்தாங்க? அணை கட்ட யார் கடன் கொடுத்தாங்கன்னு நிறைய எழுதியிருக்காங்க. அளந்து பார்க்கக் காசு கொடுத்தவங்க பேரு, ஆய்வுக் கட்டுரைகளோட கடைசிப் பக்கத்துல நன்றி சொல்ற இடத்துல ஒரு வரியா இருக்கும். அந்த வரியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நூறு வருஷத்தைப் பார்த்துட்டு வரலாம்.

முதல் ஆய்வு அலுமினியத்துக்காக

கானாவுக்கு அப்போ கோல்ட் கோஸ்ட் என்று பெயர். பிரிட்டிஷ் காலனி. ஆல்பர்ட் கிட்சன் என்ற நிலவியலாளர் அங்கே பாக்சைட் தாது இருப்பதைக் கண்டுபிடிக்கிறார். 1915-ல் வோல்டா ஆற்று வழியே போகும்போது, அகோசோம்போ என்ற இடத்தில் மலைகளுக்கு நடுவே ஆறு குறுகிப் போவதைப் பார்க்கிறார். இங்கே ஒரு அணை கட்டலாம், அந்த மின்சாரத்தில் பாக்சைட்டை அலுமினியமாக மாற்றலாம் என்று அவருக்குத் தோன்றுகிறது. அலுமினியம் உருக்குவதற்கு மின்சாரம் கண்டபடி வேணும். அதனால மலிவான நீர்மின்சாரம் எங்க கிடைக்குதோ அங்கதான் அந்த ஆலை போகும்.

ரொம்ப வருஷம் இது காகிதத்திலேயே கிடந்தது. 1953-ல் பிரிட்டிஷ் அரசும் கோல்ட் கோஸ்ட் அரசும் சேர்ந்து ஒரு ஆயத்தக் குழுவை அமைத்தன. தலைவர் ராபர்ட் ஜாக்சன். இந்தக் குழு மூன்று வருஷம் வேலை பார்த்து 1956-ல் அறிக்கை கொடுத்தது. கானாவின் மின்சாரத்தைப் பற்றி பெரிய அளவில் காசு செலவழித்து நடந்த முதல் ஆய்வு இதுதான்னு சொல்லலாம். அறிக்கை மேம்போக்கானது இல்லை. அணை, ஆலை, துறைமுகம், ரயில்பாதை, நோய்கள், இடம்பெயரப்போகும் மக்கள் என்று எல்லாத்தையும் தொட்டுப் பார்த்திருக்காங்க.

ஆனா அதோட நடுக்கேள்வி ஒண்ணுதான். இவ்வளவு மின்சாரம் தயாரித்தால் அதை மொத்தமாக வாங்க ஆள் கிடைக்குமா? ஒரு குடிசையில் விளக்கு எரியுமா என்பது அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட இல்லை. அந்தக் காலத்தில் அதுக்கு ஒரு நியாயமும் இருந்தது. பெரிய வாடிக்கையாளர் ஒருத்தர் நிச்சயமானால்தான் கடன் கிடைக்கும், கடன் கிடைத்தால்தான் அணை வரும்.

1957-ல் கானா சுதந்திரம் அடைந்தது. குவாமே நுக்ருமா இந்தத் திட்டத்தை விடவே இல்லை. அமெரிக்காவின் கைசர் நிறுவனம் உள்ளே வந்து திட்டத்தை மறுபடி மதிப்பிட்டது. உலக வங்கி கடன் கொடுத்தது. 1961-ல் கட்டத் தொடங்கிய அகோசோம்போ அணையை 1966 ஜனவரி 22 அன்று நுக்ருமா திறந்துவைத்தார். ஒரு மாசம் சொச்சம் கழிச்சு, பிப்ரவரி 24-ம் தேதி, ராணுவம் அவருடைய ஆட்சியைக் கவிழ்த்தது.

அணையால் உருவான வோல்டா ஏரி உலகத்தின் மிகப் பெரிய செயற்கை ஏரிகளில் ஒன்று. சுமார் 80,000 பேர் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. மின்சாரத்தின் பெரும்பகுதி போனது வால்கோ என்ற அலுமினிய ஆலைக்கு. கைசருக்கு அதில் 90 சதவீதம், ரெனால்ட்ஸ் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்துக்கு 10 சதவீதம். ஆலைக்குக் கொடுத்த விலை ஒரு யூனிட்டுக்கு 2.625 மில். மில் என்றால் டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது ஒரு யூனிட் கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல. இன்னொரு விஷயத்தையும் கேளுங்க: எந்த பாக்சைட்டுக்காக இந்தக் கதை ஆரம்பித்ததோ, அந்த கானா பாக்சைட்டை வால்கோ பயன்படுத்தவே இல்லை. அலுமினா கப்பலில் வெளியிலிருந்து வந்தது. 1980களின் நடுவில் ஒப்பந்தத்தைத் திருத்துகிற வரைக்கும் மலிவு விலைதான்.

இதை வில்லன் கதையா நான் சொல்லலை. அகோசோம்போ இல்லாமல் இன்றைய கானா இல்லை. பக்கத்து நாடுகளுக்கும் அங்கிருந்து மின்சாரம் போகிறது. நான் கவனிக்கச் சொல்றது, ஆய்வுக்குக் காசு கொடுத்தவங்க எந்தக் கேள்வியைக் கேட்டாங்க என்பதை. 'எவ்வளவு தயாரிக்கலாம், யார் வாங்குவாங்க?' இந்தக் கேள்விக்குத் தெளிவான பதிலும் கிடைத்தது.

டும்சோர் வருது

ஒரே ஆற்றை நம்பிய நாடு மழை பொய்த்தால் என்ன ஆகும் என்று 1983-ல் தெரிந்தது. கடும் வறட்சி, ஏரி வற்றியது, மின்சாரத்தை ரேஷன் செய்தார்கள், அலுமினிய ஆலையே நின்றது. பிறகு அனல்மின் நிலையங்கள் வந்தன. அவற்றுக்கு எரிவாயு நைஜீரியாவிலிருந்து கடலடிக் குழாய் வழியாக வர வேண்டும். 2012 ஆகஸ்டில் டோகோ கடற்பகுதியில் ஒரு கப்பலின் நங்கூரம் அந்தக் குழாயைச் சேதப்படுத்தியது. அதற்குப் பிறகு வந்த வருஷங்கள்தான் டும்சோர் என்ற சொல்லை உலகத்துக்கே தெரிய வைத்தன. எரிவாயு தட்டுப்பாடு, ஏரியில் தண்ணீர்க் குறைவு, எரிபொருள் வாங்கக் காசு இல்லாத அரசு நிறுவனங்கள், எல்லாம் ஒண்ணா வந்து சேர்ந்தது.

2015 மே 16-ம் தேதி, நடிகை இவான் நெல்சன் முன்னின்று அழைக்க, தலைநகர் அக்ராவில் மக்கள் கூடி டும்சோரை நிறுத்தச் சொல்லிப் போராடினார்கள். மின்துறை அமைச்சர் குவாபெனா டோன்கோர், வருஷக் கடைசிக்குள்ள இதை முடிக்கலைன்னா பதவி விலகுவேன் என்று சொல்லியிருந்தார். 2015 டிசம்பர் 31 அன்று விலகியும் விட்டார்.

இதே காலத்தை ஒட்டி நம்ம தமிழ்நாட்டிலும் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. நான் அப்போ ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன். எங்க தெருவுல ஒருத்தர் பத்து மணி நேரம் கரண்ட் இல்லைம்பார், அடுத்த தெருக்காரர் பதினாலு மணி நேரம்பார். அறிவிப்புல வேற ஒரு நேரம் இருக்கும். மூணும் மூணு கணக்கு. எதைவச்சு எதைச் சரிபார்க்கறது?

அக்ராவிலும் இதே நிலைமைதான். ஒரு தேசமே தெருவுக்கு வந்து போராடுகிறது, ஒரு அமைச்சர் பதவியையே இழக்கிறார். ஆனா குறிப்பிட்ட ஒரு தெருவில் குறிப்பிட்ட மாதத்தில் எத்தனை மணி நேரம் கரண்ட் போனது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய கருவி அந்தத் தெருவில் இல்லை.

சராசரிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற வீடு

இதுக்குக் காரணம் என்னன்னு கொஞ்சம் டெக்னிக்கலா பார்ப்போம். மின் விநியோகத்தில் ஸ்காடா என்று ஒரு கண்காணிப்பு அமைப்பு உண்டு. துணைமின் நிலையம், உயர் அழுத்தப் பாதை, இதெல்லாம் அதில் தெரியும். ஆனா டிரான்ஸ்பார்மருக்குக் கீழே, வீட்டுக்குப் போகிற தாழ்வழுத்தக் கம்பியில் என்ன நடக்கிறது என்பது பல நாடுகளில் அதில் தெரியாது. அங்கே ஃப்யூஸ் போனால், யாராவது போன் பண்ணிப் புகார் சொன்னால்தான் ஆபீஸுக்கே தெரியும். புகார் பதிவான நேரம்தான் கரண்ட் போன நேரம். யாரும் போன் பண்ணலைன்னா, கணக்குப்படி அந்த மின்வெட்டு நடக்கவே இல்லை.

அடுத்தது சராசரி. உலகம் முழுக்க மின் நிறுவனங்கள் சைடி என்று ஒரு எண்ணைச் சொல்லும். எல்லா வாடிக்கையாளர்களுக்கும் மின்சாரம் இல்லாமல் போன நேரத்தைக் கூட்டி, மொத்த வாடிக்கையாளர் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. ஒரு உதாரணம்: 1,000 வீடுகள். அதில் 100 வீட்டுக்கு மட்டும் 5 மணி நேரம் கரண்ட் இல்லை. சைடி எவ்வளவு? அரை மணி நேரம். அந்த நூறு வீட்டுக்காரங்ககிட்ட போய் 'உங்க ஊர்ல சராசரியா அரை மணி நேரம்தான் கட்'னு சொல்லிப் பாருங்க!

அதோட இது மின்வெட்டை மட்டும்தான் எண்ணும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 170 வந்தால், கணக்கில் கரண்ட் இருக்கு. ஆனா ஃப்ரிட்ஜ் கம்ப்ரசருக்கு அதுவும் ஆபத்துதான்.

கென்யாவில் கேட்ட புதுக் கேள்வி

நம்ம கேள்விக்கான காசு எங்கிருந்து வந்தது? 2012-ல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட், சில பல்கலைக்கழகங்களில் வளர்ச்சி ஆய்வுக்கூடங்கள் தொடங்கப் பணம் ஒதுக்கியது. அதில் ஒன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வந்த டெவலப்மென்ட் இம்பாக்ட் லேப். இன்ஜினியர்களும் பொருளாதார அறிஞர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்யணும் என்பது அதன் யோசனை.

அந்தக் குழுவிலிருந்த கென்னத் லீ, எட்வர்ட் மிகெல், கேத்தரின் வொல்ஃப்ராம் ஆகியோர் முதலில் கென்யாவுக்குப் போனார்கள். மேற்குக் கென்யாவில் 150 டிரான்ஸ்பார்மர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் 600 மீட்டர் சுற்றளவில் இருந்த வீடுகளை எண்ணினார்கள். தலைக்கு மேல கம்பி ஓடுது, ஆனா கிராமத்து வீடுகளில் சராசரியாக 5 சதவீதத்துக்குத்தான் இணைப்பு இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் அந்தக் கிராமத்துக்கு மின்சாரம் வந்தாச்சு. வீட்டுக்குள்ள வரலை.

அடுத்து ஒரு சோதனை செய்தார்கள். அப்போது இணைப்புக் கட்டணம் 35,000 ஷில்லிங், கிட்டத்தட்ட 398 டாலர். சில கிராமங்களுக்கு இலவசம், சில கிராமங்களுக்குத் தள்ளுபடி, சில கிராமங்களுக்கு முழு விலை என்று குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்த்தார்கள். இலவசமாகக் கொடுத்தபோது கிட்டத்தட்ட எல்லாருமே வாங்கிக்கொண்டார்கள். 15,000 ஷில்லிங் ஆனதும் நாலில் ஒரு பங்குகூடத் தாண்டவில்லை. முழு விலையில் கிட்டத்தட்ட யாருமே வாங்கவில்லை. அதைவிட சங்கடமான முடிவு ஒன்று: இணைப்பு கிடைத்த குடும்பங்களின் வாழ்க்கையில், ஆய்வு நடந்த காலத்துக்குள் பெரிய மாற்றம் எதையும் அவர்களால் காண முடியவில்லை.

மின்சாரத்தால பிரயோஜனம் இல்லைன்னு இதுக்கு அர்த்தம் கிடையாது. ஒரு பல்பும் போன் சார்ஜரும் வைக்க மட்டும் வசதி இருக்கிற வீட்டில் கம்பியை மட்டும் இழுத்தால் போதாது. அந்தக் கம்பியில் வருகிற மின்சாரமும் நம்பகமாக இருக்கணும். 'இணைப்பு இருக்கா?' என்ற கேள்வி இப்படித்தான் 'இணைப்பில் என்ன வருது?' என்ற கேள்வியாக மாறியது. அதை அளக்கத்தான் கருவி இல்லை.

அக்ராவில் 457 பெட்டிகள்

இங்கதான் நம்ம ஆளுங்க, அதாவது கம்ப்யூட்டர்காரங்க, உள்ள வர்றாங்க. பெர்க்லியில் நோவா க்ளுக்மன் உள்ளிட்ட இன்ஜினியர்களின் முதல் யோசனை எளிமையானது. எல்லார் கையிலும் ஆண்ட்ராய்டு போன் இருக்கு. சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் போன் திடீரென்று சார்ஜ் ஆவதை நிறுத்தினால், ஒன்று பிளக்கைப் பிடுங்கியிருக்கணும், இல்லேன்னா கரண்ட் போயிருக்கணும். ஒரே ஏரியாவில் பல போன்கள் ஒரே நொடியில் நின்றால் அது மின்வெட்டுதான். டும்சோர்வாட்ச் என்று ஒரு ஆப் செய்தார்கள்.

கேட்க அழகா இருக்கு. ஆனா ஆண்ட்ராய்டுல பின்னணியில ஓடுற ஆப் எழுதிப் பார்த்தவங்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும்னு தெரியும். பேட்டரியைக் காப்பாத்துறேன்னு சிஸ்டமே ஆப்பைக் கொன்னுடும். ஒரு நேரத்தில் சார்ஜில் இருக்கிற போன்களும் கொஞ்சம்தான். இந்த அனுபவத்தையே அவர்கள் ஒரு ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள்.

அதனால் தனிக் கருவி செய்தார்கள். பெயர் பவர்வாட்ச். சுவரில் இருக்கிற சாக்கெட்டில் செருகிவிட வேண்டியதுதான். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சிம் கார்டு. கரண்ட் போனாலும் உயிரோடு இருந்து, போன நேரத்தையும் வந்த நேரத்தையும் அனுப்பும். வோல்டேஜையும் பதிவு செய்யும். ஒரே டிரான்ஸ்பார்மருக்குக் கீழே சில வீடுகளில் வைத்துவிட்டால், ஒரு வீட்டில் யாரோ பிளக்கைப் பிடுங்கினதா, மொத்த லைனும் போனதா என்று பிரித்துவிடலாம்.

2018-லிருந்து அக்ராவில் வைக்கத் தொடங்கினார்கள். 2019-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி 457 கருவிகள், 3,500க்கு மேல் ஆப் நிறுவல்கள், ஆயிரக்கணக்கான நேர்காணல்கள். அந்தக் கட்டுரையில் சுவாரசியமான பகுதி சர்க்யூட்டைப் பற்றியது இல்லை. எந்தக் கருவி எந்த வீட்டில் இருக்கு, அந்த வீட்டுக்காரருக்குக் கொடுக்கவேண்டிய தொகை போய்ச் சேர்ந்ததா, களப்பணியாளர் இன்னைக்கு எங்க போகணும் என்பதையெல்லாம் பார்த்துக்க அவங்க தனியா மென்பொருள் எழுத வேண்டியிருந்தது. அஞ்சு கருவி வச்சா நோட்டுல எழுதிச் சமாளிச்சுடலாம், ஐந்நூறு வச்சா முடியாது.

காசு யாரோடது, கேள்வி யாரோடது

இந்த அளவுக்கு விரிவாக்க ஆய்வக மானியம் மட்டும் போதாது. பெரிய கை ஒண்ணு வேணும். அது மில்லேனியம் சேலஞ்ச் கார்ப்பரேஷன், சுருக்கமா எம்.சி.சி. இதுவும் அமெரிக்க அரசு அமைப்புதான். கானாவின் மின்துறையைச் சீர்படுத்த 2014 ஆகஸ்டில் 498 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது. புதிய துணைமின் நிலையங்கள், விநியோகச் சீரமைப்பு எல்லாம் அதில் உண்டு. இவ்வளவு காசு கொடுத்தால் மின்தடை உண்மையிலேயே குறைஞ்சுதா என்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லணும் இல்லையா? மின் நிறுவனத்தின் சொந்தக் கணக்கை மட்டும் வச்சு அதைச் சொல்ல முடியாது. அதனால் வீட்டுச் சாக்கெட்டை அளக்கிற பெட்டிகளுக்குக் காசு வந்தது. பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சித் துறையும் வளரும் நாடுகளின் மின்சாரத்தைப் பற்றிய ஆய்வுகளுக்குத் தனி நிதித்திட்டம் வைத்திருந்தது.

ஆக, டும்சோரில் தவித்த அக்ரா மக்களின் கேள்விக்கு, வாஷிங்டனின் தணிக்கைக் கேள்வி வழியாகத்தான் பதில் கிடைத்தது. ரெண்டு கேள்வியும் அந்த நேரத்தில் ஒண்ணாப் பொருந்திப்போச்சு, அவ்வளவுதான்.

பொருந்தாத நேரமும் சீக்கிரமே வந்தது. ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனை, மின் விநியோகத்தைத் தனியார் நிறுவனம் ஏற்று நடத்த வேண்டும் என்பது. 2019 மார்ச்சில் பி.டி.எஸ். என்ற நிறுவனம் பொறுப்பேற்றது. அது கொடுத்த உத்தரவாதப் பத்திரம் செல்லாது என்று சொல்லி கானா அரசு ஜூலையில் நிறுத்திவைத்து, அக்டோபரில் ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. எம்.சி.சி. அதை ஏற்கவில்லை. 190 மில்லியன் டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மீதிப் பணத்தில் நடந்த வேலைகள் 2022 வரைக்கும் தொடர்ந்தன. யார் பக்கம் நியாயம் என்று இன்னும் வாதாடுறாங்க. எனக்கு முக்கியமாப் படறது, ஒரு காப்பீட்டுப் பத்திரத்தைப் பற்றிய சண்டையில், சாக்கெட்டில் என்ன வருகிறது என்ற கேள்விக்குப் பக்கத்தில் இருந்த பணமும் ஆடிப்போனது.

அப்புறம் கொடுத்தவர்களே மாறிப்போனார்கள். 2020 செப்டம்பரில் பிரிட்டன் தன் வளர்ச்சித் துறையை வெளியுறவுத் துறையோடு இணைத்தது. அடுத்த வருஷம் வெளிநாட்டு உதவியை தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தது. 2025-ல் அமெரிக்கா யு.எஸ்.எய்டைக் கலைத்தது. அதோடு நின்றுபோன பணிகளில் ஒன்று, பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக நடந்த மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்பு. பேரைக் கேட்டா மருத்துவம்தான் ஞாபகம் வரும். ஆனா அந்தக் கேள்வித்தாளில் 'உங்க வீட்ல மின்சாரம் இருக்கா?' என்பதும் ஒரு கேள்வி. எந்த நாட்டில் எத்தனை பேருக்கு மின்சாரம் இருக்கு என்று நாம் படிக்கிற பல எண்கள் அதிலிருந்து வந்தவை. பிறகு வேறு நன்கொடையாளர்கள் தற்காலிகமாகக் கொஞ்சம் தாங்கிப் பிடித்தார்கள்.

யார் கையில இருக்கணும்

அப்போ வெளிக்காசே வேண்டாம்னு சொல்லலாமா? நான் சொல்ல மாட்டேன். அந்தக் காசு இல்லைன்னா அந்த 457 பெட்டி இல்லை, கென்யாவின் அந்த 5 சதவீதமும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. கானா அரசோ மின் நிறுவனமோ தானாக முன்வந்து தன் குறையைத் தானே அளந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். அளவு வெளியே வந்தால் முதலில் திட்டு வாங்குவது அவங்கதானே.

ஆனா அணைக்கும் அளவுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. அணைக்குக் கடன் கொடுத்தவர் போயிட்டாலும் அணை நிற்கும். அகோசோம்போ இன்னைக்கும் ஓடுது. அளவு அப்படி இல்லை. சிம் கார்டுக்கு ரீசார்ஜ் நின்றால் அன்றைக்கே தரவு நின்றுபோகும். அளப்பது தினமும் செய்யவேண்டிய வேலை, அதனால தினமும் யாராவது காசு கொடுத்தாகணும்.

இந்தியாவில் இதுக்கு ஒரு முன்மாதிரி இருக்கு. பெங்களூரில் 1960-ல் மத்திய அரசு தொடங்கிய மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம், டிரான்ஸ்பார்மர் மாதிரியான கருவிகளைச் சோதிக்கிற வேலையை உள்நாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. புனேயில் இருக்கிற ப்ரயாஸ் என்ற அமைப்பு, வீட்டுச் சாக்கெட்டில் செருகுகிற ஒரு கருவியை வைத்து பல மாநிலங்களில் மின்சாரம் வந்த நேரத்தைப் பதிவு செய்து, யார் வேணும்னாலும் பார்க்கிற மாதிரி இணையத்தில் போட்டது. ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விசாரணையில் ஒரு சாதாரண நுகர்வோர் 'எங்க ஏரியாவுல இத்தனை மணி நேரம் இல்லை' என்று சொல்லும்போது, கையில் அந்தத் தாள் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

1956 அறிக்கையோட கேள்வி, யார் வாங்குவாங்க என்பது. அதற்குப் பதில் சொல்ல ஒரு தடவை செய்த ஆய்வு போதுமானதா இருந்தது. எந்த வீட்டுக்கு என்ன வந்து சேருது என்ற கேள்வியை ஒவ்வொரு மாசமும் கேட்கணும். மின்கட்டணத்திலிருந்தே ஒரு சின்னப் பங்கை இதுக்குன்னு சட்டப்படி ஒதுக்கி, அளக்கிற பொறுப்பை மின் நிறுவனத்துக்கு வெளியே வைத்தால், வாஷிங்டனிலும் லண்டனிலும் ஆட்சி மாறினாலும் அக்ராவில் இருக்கிற பெட்டி அணையாது. இது என் யோசனை. உங்களுக்கு வேற வழி தோணுச்சுன்னா எழுதுங்க, அடுத்த எபிசோடுல பேசுவோம்.